ஒன்றரை முழ இடைவெளி

ஞாபினி, கினங்கோப்
ஆகஸ்ட் 9

அன்புள்ள நியாக்கியோவுக்கு,

நானும் மகள் முகுரேயும் நலம். நீ வேலை பார்க்கும் வீட்டின் எஜமானியம்மா உன்னை வயிறாரச் சாப்பிட விடுகிறாளா? போனில் பேசினால் என் வாய் மழை, மாடு என்பதோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் தோஹாவுக்கு வரும் வாச்சேராவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு மாதக் கடைசியில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றாயே, அதற்கு முன் இதைப் படித்துவிடு.

இந்த முறை பட்டாணியை நீ சொன்ன மாதிரியே விதைத்தேன். செடிக்குச் செடி நாலு விரல், வரிசைக்கு வரிசை ஒன்றரை முழம். பழக்கதோஷத்தில் கை அள்ளி அள்ளித்தான் போட்டது. முகுரே பின்னாலேயே வந்து விரல் வைத்து அளந்து, அதிகப்படி விதையைப் பொறுக்கி என் சட்டைப்பையில் போட்டாள். உன் மகளல்லவா. பக்கத்து நிலத்து ங்குஞ்சிரி வேலியோரம் நின்று, "என்னப்பா கதோகோ, இம்புட்டு இடம் விட்டிருக்க, கல்யாண ஊர்வலம் ஏதும் வருதா?" என்றான்.

இலையில் சாம்பல் நோய் தலைகாட்டியதும், ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நல்ல வெயிலில் தெளித்தேன். "ஊருல புள்ளைங்க கடுங்காப்பி குடிக்குது, இவரு பட்டாணிக்குப் பால் குடுக்குறாரு" என்று ங்குஞ்சிரியின் மனைவி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அசுவினிப் பூச்சிக்குப் பூண்டும் மிளகாயும் அரைத்து, சோப்புத் தண்ணீரில் வடிகட்டி அடித்தேன். இரண்டு நாள் கண் எரிச்சல்.

செடிகளுக்கு நடுவே காற்று புகுந்ததால் நோய் பரவவில்லை. பாதி விதைதான், ஆனால் போன வருடத்தைவிட ஏழு மூட்டை கூடுதல். கொள்முதல்காரர் ஒரு காயைக்கூடக் கழிக்கவில்லை.

நேற்று நம் பட்டாணி விவசாயிகள் குழுக் கூட்டத்தில் எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். தலைவர் சிரித்துக்கொண்டே, "இனிமே உம் பொண்டாட்டி கையில மருந்துப் பம்ப குடுத்துறாத" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கிளம்பிய வருடம், காயில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கிறதென்று குழுவின் சரக்கு மொத்தமும் திரும்பி வந்தபோது, அடித்தது நீ என்று அதே இடத்தில் நின்று சொன்னவன் நான். பறிப்புக்கு இரண்டு நாள் இருக்கையில், நீ கையைப் பிடித்துத் தடுத்தும் கேட்காமல் அடித்தவனும் நான்தான். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சந்தையில் பெண்கள் உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சம்பாதிக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் கிளம்பினாய். அது காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

நேற்று எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறகு குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். அந்த இடத்தில் உன் பெயரை எழுதச் சொன்னேன். ங்குஞ்சிரியின் மனைவிதான் முதலில் கை தூக்கினாள். "அவ வரட்டும், நான் மன்னிப்புக் கேக்கணும்" என்றாள்.

அவளுக்கு முன்னால் கேட்க வேண்டியவன் நான். இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டேன். அங்கே கையெழுத்துப் போடாதே, நியாக்கியோ. அடுத்த விதைப்புக்கு வந்துவிடு. நீ முன்னால் நின்று சொல், நான் பின்னால் வந்து விதைக்கிறேன்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் பதிலுக்குப் பயந்து காத்திருக்கும்,
கதோகோ