நகராத கறை

மார்ச் 4

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன் என்றால் உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. போனில் கேட்கலாம்தான், உன் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறேனே.

வானியல் சங்கத்துக் கண்காட்சியில் நீ முதல் பரிசு வாங்கிய நாளை நான் மறக்கவில்லை. என் கேலக்ஸி படத்தின் ஓரத்தில் மங்கலாக, வில்லாக வளைந்த ஒரு ஒளிக்கீற்று தெரிந்தது. அத்தனை பேர் முன்னால், "ஊர் கறையெல்லாம் எடுக்கிற லாண்டரிக்கார அக்கா, சொந்த லென்ஸைத் துடைக்கலையே" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று அழுகை வந்தது.

அதே கேலக்ஸியை இப்போது பதினோரு இரவு எடுத்தேன். நூற்றெண்பது படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கேமராவைக் கால் சுற்றுத் திருப்பியும் எடுத்தேன். அழுக்கு என்றால் கேமராவோடு சுற்றியிருக்கும். அது நட்சத்திரங்களோடேயே நின்றது.

இன்னொரு டெலஸ்கோப்பிலும் தெரிந்தால்தான் ஆய்வு மையத்துக்கு எழுதுவேன் என்கிறார் சங்கத் தலைவர். இதற்கு வேண்டிய, ஆக்சிஜன் வாயுவின் ஒளியை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் சங்கத்தில் நம் இருவரிடம் மட்டும்தான் இருக்கிறது. வேறு வழியில்லாமல் உன்னிடம் கேட்கிறேன், உன் டெலஸ்கோப்பில் அதை எடுத்துப் பார்.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீ 'அன்புள்ள' போடவில்லை. கவனித்தேன். எனக்கு வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரி வேலையில், எக்ஸ்ரே அறையில் ஒரு நிழல் சந்தேகமாக இருந்தால் கோணம் மாற்றி இன்னொன்று எடுக்காமல் விடமாட்டேன். உன் படத்துக்கு அந்த மரியாதையைக்கூடத் தராமல் வாயை விட்டுவிட்டேன்.

இங்கே பத்து நாளாக மேகம். கை சும்மா இருக்காமல் என் பரிசுப் படத்தின் பழைய கோப்புகளைத் தோண்டினேன். அதுவும் இதே கேலக்ஸி, நீ எடுத்ததற்கு இரண்டு மாதம் முன்னால் எடுத்தது. மூலப் படங்களில் வில் இருக்கிறது அக்கா, உன்னுடையது இருக்கும் அதே இடத்தில். அழுக்கு என்று நினைத்து அரை நாள் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக அழித்தவன் நான். என் படம் சுத்தமாக இருக்கிறது என்ற மிதப்பில்தான் அன்று உன்னைக் கேலி செய்தேன்.

எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். தேதியை வைத்து நான்தான் முந்தி என்று யாராவது சொல்லக்கூடும். முதலில் எடுத்தது நான், கண்டுபிடித்தது நீ. சங்கத் தலைவருக்கு அப்படியே எழுதி, பரிசுக் கோப்பையையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன் தம்பி

ஏப்ரல் 15

அக்கா,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. வானம் தெளிந்தது. நான்கு இரவு எடுத்தேன். வில் இருக்கிறது. படங்களைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன்.

தம்பி

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. விஷயம் உறுதியானதும் எழுதலாம் என்று இருந்தேன்.

உன் பென் டிரைவ் வந்த அன்றே கடைக் கம்ப்யூட்டரில் உன் படத்தை என் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகவில்லை. நான் போட்ட சத்தத்தில் இஸ்திரிப் பெட்டியை ஒரு வக்கீலின் சட்டைமேல் மறந்துவிட்டேன். அவருக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாயிற்று.

நேற்று ஆய்வு மையத்தின் பதில் வந்தது. அவர்களுடைய பெரிய டெலஸ்கோப்பிலும் தெரிகிறதாம். இதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத வாயு மேகமாம். இப்போது பட்டியலில் ஏறிவிட்டது. ஜெயித்துவிட்டோம் தம்பி. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயரையும் எழுதவைத்தேன். என் பெயர்தான் மேலே, அதில் பேச்சுக்கே இடமில்லை.

படத்தைப் பெரிதாக்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். இன்று துணி வாங்க வந்த அதே வக்கீல் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, ஓரத்துல கறை பட்டிருக்கே, துடைக்கக் கூடாதா?" என்றார்.

"என் தம்பி அரை நாள் துடைச்சுப் பார்த்தான் சார், போகல" என்றேன்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். போன் பண்ணு.

உன் அக்கா