தழும்பு வெளுக்கும்வரை

ஜனவரி 6

ஆஸ்பத்திரியில் கொடுத்த இறுக்கக் கையுறையை மாட்டவே கால் மணி ஆகிறது. போட்டால் அரிப்பு, கழற்றினால் அதைவிட அரிப்பு. இடது கையில் முழங்கைவரை வெந்த தழும்பு தடித்துக் கிடக்கிறது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட மறுக்கிறது. அறுந்த நூலை எப்படி முடிவேன்? தறிப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

ஜனவரி 9

திருப்பதி ஆஸ்பத்திரி. பிசியோதெரபி பிரமிளா என் வீட்டுக்காரரின் கட்டைவிரலைப் பிடித்துத் தழும்பின் மேல் வைத்துக் காட்டினாள். எண்ணெய் தடவி, வட்டமாக, தோல் வெளுக்கும்வரை அழுத்த வேண்டும். நாளுக்கு நாலு தடவை, பத்துப் பத்து நிமிடம்.

"கட்டிகா நொக்கண்டி சார், நல்லா அழுத்துங்க. கொழந்தைக்குப் பவுடரா பூசறீங்க?"

எப்படி ஆச்சு என்று அவள் என்னைத்தான் கேட்டாள். அவர் முந்திக்கொண்டார். "சாய அண்டாவ ரெண்டு பேரும் தூக்கினு வந்தோம் மேடம். இவளுக்குக் கால் வழுக்கிடுச்சு."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 10

வழுக்கவில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

நூலுக்குச் சாயம் கொதித்த அண்டா. ஆளுக்கு ஒரு வளையம். தூக்கும்போது போனைத் தறி மேல் வைத்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். அன்று அவர் மறந்துவிட்டார். சட்டைப் பையில் அடித்தது. அடிக்கட்டுமே! கை மாற்றப் பார்த்தார், வளையம் நழுவியது. எல்லாம் என் பக்கம்.

முதல் நாளே ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். அப்போது என்னால் வாய் திறக்க முடியவில்லை. இப்போது ஏன் திறக்கவில்லை? அவராகச் சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு வேண்டும்.

ஜனவரி 14

பொங்கல். நாத்தனார் மஞ்சு வந்தாள். "ஏன் அண்ணி, கொஞ்சம் பாத்து கால வெச்சிருக்கக் கூடாதா?"

அவர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜனவரி 15

பத்து நிமிடத்தில் ஏழு தடவை "நோவுதா?" என்கிறார். நோகவில்லை. தோல் வெளுக்கவும் இல்லை.

ஜனவரி 21

இரண்டு நாளாக நானே அழுத்திக்கொள்கிறேன். வலது கை சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. கோபம் மட்டும் ஓயவில்லை.

ஜனவரி 30

திருப்பதி. பிரமிளா விரலை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். இப்படியே போனால் தோல் இழுத்துக்கொள்ளும், ஆபரேஷன்தான் என்றாள். "அழுத்தறதுக்கு என்ன பயம் சார் உங்களுக்கு?"

அவர் என் கையையே பார்த்தார்.

"இவளுக்கு வழுக்கல மேடம். போன் எடுக்கறதுக்கு நான்தான் வளையத்த வுட்டேன். இதுல கைய வெச்சாலே அதுதான் ஞாபகத்துக்கு வருது."

ஊருக்குத் திரும்ப நகரி பஸ் ஏறினோம். புத்தூரில் இறங்கி வேர்க்கடலை வாங்கிவந்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மன்னித்துவிட்டேனா? தெரியாது.

"மஞ்சுகிட்டயும் சொல்லணும்," என்றேன்.

பிப்ரவரி 2

காலையில் மஞ்சுவுக்குப் போன் போட்டு, என் எதிரிலேயே சொன்னார். அவள் என்ன சொன்னாளோ, ரொம்ப நேரம் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு போனைக் கொண்டுபோய்த் தறி மேல் வைத்துவிட்டு, எண்ணெயோடு வந்து உட்கார்ந்தார்.

நோவுதா என்று கேட்கவில்லை. கட்டைவிரல் இறங்கிய இடத்தில் தோல் வெளுத்தது. உயிர் போகிற மாதிரி நொந்தது.

"இன்னும்," என்றேன்.