பாலத்து வேலையில் நம் வீட்டு முறை

செல்லம் என்று கூப்பிட்டால் முகத்தைச் சுளிக்கும் என் செல்லத் தம்பி வேலுவுக்கு,

நலமா என்று கேட்கத்தான் கை போகிறது. பாகூர் ஜெராக்ஸ் கடையில் ஊராருக்குக் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்த பழக்கம் அப்படி. உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், காலையில் பஸ் பிடித்துக் கடைக்குப் போகிறேன்.

நீ போன பிறகு நான் அழவில்லையாம். ஊரில் இதுதான் பேச்சு. கல்நெஞ்சக்காரி என்கிறார்கள் சிலர். பாவம், அதிர்ச்சி என்கிறார்கள் சிலர். எனக்கு எதுவுமே தெரியவில்லையடா. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்போமே, அப்படித்தான் என்னை நானே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, முதலில் பாலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்கத்தானே காத்திருப்பாய். அக்காவின் சுகதுக்கமெல்லாம் உனக்கு எப்போதும் அப்புறம்தான்.

எழுதி வைத்தால் என்றைக்காவது மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள். பனித்திட்டுக்குப் பக்கத்தில், நம் ஊர்க் கடற்கரையில், பிரெஞ்சுக்காரன் காலத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுவதற்காகப் போட்ட பாலம் அது. கடலுக்குள் நீண்டு நிற்கும் இரும்புக் கால்கள், மேலே மரப் பலகை. கப்பல் வருவது நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஒரு புயலில் நடுப்பகுதி விழுந்தது. மிச்சத்தைத் துரு தின்றது. இடித்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு வந்தபோது நீயும் உன் கூட்டாளி அருளும்தான், இடிக்க வேண்டாம், நாங்களே சரிசெய்கிறோம் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்தீர்கள். உங்கள் மனுவை நான்தான் தட்டச்சு செய்தேன். வரலாற்றுச் சிறப்பு மிக்க என்று நான் போட்டதைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மீன் இறக்க வசதி, அதை மட்டும் போடு என்றாய். நான் இரண்டையும் போட்டேன். அனுமதி எதனால் கிடைத்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது கரையோரக் கால்கள் எல்லாவற்றிலும் சிப்பி சுரண்டியாகிவிட்டது. துரு எடுத்து ரெட் ஆக்சைடு அடித்திருக்கிறார்கள். கடையிலிருந்து வரும்போது சாயங்கால வெயிலில் பார்த்தால் பாலம் செக்கச்செவேலென்று நிற்கிறது. விழுந்த நடுப்பகுதிக்குப் புதுக் கால் இறக்கிவிட்டார்கள். பலகை போடுவதுதான் பாக்கி. நீ பார்த்தால் பெயிண்ட் சரியில்லை என்று அருளிடம் ஒரு சண்டை போட்டிருப்பாய். அவனுக்கும் இப்போது சண்டை போட ஆள் இல்லை. யார் என்ன சொன்னாலும் சரி சரி என்கிறான்.

வேலை உங்கள் ஏற்பாட்டின்படியே நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தெரு, வீட்டுக்கு ஓர் ஆள். நம் தெருவுக்கு மாதம் ஒரு முறை வரும். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் நாகப்பன் பெரியப்பா தெருவில் வருவார். ஊர்ப் பஞ்சாயத்துக்காக வீடு வீடாகச் சேதி சொல்வது அவர் வேலை, இதுவும் அவரிடமே வந்தது. ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டு ஆம்பளை பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். உள்ளேயிருந்து வர்றேன் என்று குரல் வந்ததும் அடுத்த வீடு. பாலத்து வேலைக்கென்று வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, அதில் எல்லாம் போடுகிறார்கள். ஆனாலும் நம் ஊரில் வாசலில் வந்து கூப்பிட்டால்தான் கூப்பிட்டது.

அப்பா இருந்தவரை ஊர்க் காரியம் எதுவானாலும் நம் வாசலில் அப்பா பேர்தான். அப்பாவுக்குப் பிறகு உன் பேர். வேலூ என்று அந்த ஊகாரத்தை இழுத்து அவர் கூப்பிடுவதும், சாப்பாட்டு வாயோடு நீ பதில் சொல்வதும் இந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் மாதிரி ஆகியிருந்தது. நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

கிருமாம்பாக்கம் ரோட்டில் பின்விளக்கு இல்லாமல் நின்ற கரும்பு டிராக்டரில் உன் வண்டி மோதியதையும் அதற்கு அப்புறம் நடந்ததையும் நான் எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். போதும்.

உன் காரியம் முடிந்து கொஞ்ச நாளில் நம் தெரு முறை வந்தது. நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் பெரியப்பா குரல்.

"வேலூ... நாளைக்குப் பாலத்து வேல."

பழக்கத்தில் வந்துவிட்டது அவருக்கு. எதிர்வீட்டுச் செல்வி அண்ணி வெளியே ஓடிவந்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். செத்தவன் பேரை விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் நின்று கூப்பிடுகிறாயே, புத்தி இருக்கிறதா, அந்தப் பெண் உள்ளே என்ன பாடு படும் என்று. பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டே போய்விட்டார். ஆளாளுக்கு வந்து என்னைத் தேற்றினார்கள்.

எனக்கு எதற்கு ஆறுதல்? அவர் கூப்பிட்டதும் என் கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது. பின்பக்கம் நீ கை கழுவிக்கொண்டிருக்கிறாய், இப்போது பதில் சொல்வாய் என்று காத்திருந்தேன் வேலு. ஒரே ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடிதான் இந்த வீட்டில் நான் உயிரோடு இருந்தது. இதை யாரிடம் சொல்வது? பைத்தியம் என்பார்கள். டீ போட்டுக் கொடுத்து எல்லாரையும் அனுப்பி வைத்தேன்.

அடுத்த மாதம் சனிக்கிழமை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்வி அண்ணி வீட்டுக்காரர் பேர் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் மட்டும் நம் வாசலைத் தாண்டிப் போனது. பிறகு பக்கத்து வீட்டுப் பேர். அதற்கு அடுத்த மாதமும் அப்படியேதான். பூட்டிக் கிடக்கிற வீட்டைத்தானடா அப்படித் தாண்டிப் போவார்கள்? உள்ளே விளக்கு எரிகிறது, நான் இருக்கிறேன், சோறு கொதிக்கிறது.

மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே பாலத்துக்குப் போனேன். அருள் பதறிப்போய் ஓடிவந்தான். நம் வீட்டை முறையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். ஆம்பளை இல்லாத வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது, நான் கஷ்டப்படக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் செய்தார்களாம். வலைக் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான். என் கல்யாணம் முறிந்து நான் திரும்பி வந்த நாளில் நீ செய்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு கேள்வி கேட்கவில்லை. தண்ணீர்க் குடத்தை என் கையில் கொடுத்து, குழாயில் தண்ணி வருது, போய்ப் புடி என்றாய். அந்த மாதிரி ஒரு வேலை சொல்ல இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை. கோபம் வர வேண்டிய இடம், வரவில்லை. டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

அங்கிருந்து நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"முறையில இருந்து எடுக்கச் சொல்லி நான் சொல்லல தனம். ஆனா உன் வூட்டாண்ட வந்தா எனக்கு வேற பேரு வாயில வர மாட்டேங்குது. அந்தப் பேர கூப்புடவும் கூடாது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?"

உண்மையைத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தேன். ஆனால் அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன். நம் வீடு ஊர்க் கணக்கில் இருக்க வேண்டும். அப்பாவும் நீயும் பதில் சொன்ன வாசலில் யாராவது வந்து கூப்பிட வேண்டும், உள்ளேயிருந்து யாராவது பதில் சொல்ல வேண்டும். பாலம் ஆயிரம் வருடம் நிற்கட்டும், நிற்காமல் போகட்டும். எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் நடந்த அன்றைக்குப் போய் நின்றேன். பெண்கள் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். நான் நடுவில் போய் நின்றதும் செல்வி அண்ணி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நீ இருந்திருந்தால் மானம் போகிறது, வீட்டுக்கு வா என்று நீயும் இழுத்திருப்பாய், பொய் சொல்லாதே. எங்கள் வீட்டைத் திரும்ப முறையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். பாலத்தில் ஏறி என்னம்மா செய்வாய் என்று தலைவர் கேட்டார். வேலு என்ன செய்தானோ அதைச் செய்வேன், துரு சுரண்டுவேன், பெயிண்ட் அடிப்பேன் என்றேன். நாளைக்கு நீ வேறு எங்காவது போய்விட்டால் என்று ஒருவர் கேட்டார்.

"போனா பூட்டிக்கினு, சொல்லிட்டுப் போறேன். அது வரிக்கும் அது ஆள் இருக்கிற வூடுதான்."

கை நடுங்கவில்லை, குரல் நடுங்கவில்லை. மரத்துப்போனதில் அப்படி ஒரு லாபம் இருக்கிறது. அருள்தான் எழுந்து, அக்கா வரட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றான். தலைவர் தாடையைத் தடவிக்கொண்டே சரி என்றார். அப்புறம் பெரியப்பா மெல்லக் கேட்டார், யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று. பெண் பேரைத் தெருவில் நின்று இதுவரை அவர் கூப்பிட்டதில்லையாம். இதில் என்ன இருக்கிறது, என் பேரைச் சொல்லுங்கள் பெரியப்பா என்று நான் சொன்னேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன் வேலு. வீட்டுக்கு வரும்போது ஜெயித்துவிட்ட நினைப்பில் வேகமாகக்கூட நடந்தேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை. நம் தெரு முறை. விளக்கு ஏற்றிவிட்டு வாசற்கதவுக்குப் பின்னால் நின்றேன். செல்வி அண்ணி வீடு முடிந்தது. செருப்புச் சத்தம் நம் வாசலில் நின்றது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

"தனம்... நாளைக்குப் பாலத்து வேலம்மா."

"வர்றேன் பெரியப்பா" என்றேன்.

அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். பக்கத்து வீட்டுப் பேர், அதற்கடுத்த பேர் என்று குரல் தெருக்கோடி வரை தேய்ந்துகொண்டே போனது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போன மாதம் வரை அவர் பேசாமல் தாண்டிப் போனாரே, அது உன் பேர் இருந்த இடம். வாயில் உன் பேரை வைத்துக்கொண்டு, கூப்பிட முடியாமல்தான் அந்த மனிதர் தாண்டிப் போனார். இனிமேல் அந்தக் கஷ்டம் அவருக்கு இல்லை. நம் வாசலில் கூப்பிட இனி வேறு பேர் இருக்கிறது. உன் பேரை எடுத்தது ஊர் இல்லை, டிராக்டர் இல்லை. கூட்டத்தில் நடுவில் போய் நின்று நானே கேட்டு எடுத்தேன்.

கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன் வேலு. எனக்கே என் சத்தம் பயமாக இருந்தது. செல்வி அண்ணி ஓடிவந்து இன்னாடி ஆச்சு, இன்னாடி ஆச்சு என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். கூப்புட்டுட்டாங்க அண்ணி என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் சேர்ந்து அழுதாள்.

இப்போது முகம் கழுவிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கண் எரிகிறது. காலையில் தண்ணீர் வற்றும் நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும், கம்பி பிரஷ் கொண்டுவரச் சொல்லி அருள் குரூப்பில் போட்டிருக்கிறான். உன்னுடையது பரண்மேல் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த வீட்டு முறை என் காலத்தில் தவறாது. கூப்பிடுகிறவர்கள் என் பேரைச் சொல்லியே கூப்பிடட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் வேலை முடிந்து எல்லாரும் கரை ஏறிய பிறகு, பாலத்தில் நின்று உன் பேரை ஒரு தடவை நான் கூப்பிடுவேன், ஊகாரத்தை நன்றாக இழுத்து. கூடாது என்று யார் சொன்னாலும் சரி. நீ பதில் சொல்ல வேண்டாம்.

என்றைக்கும்
வேலுவின் அக்கா,
தனம்