கல்யாணம் முடிந்துவிட்டது

கார்க், அயர்லாந்து
6.3.2024

அன்புள்ள அன்புக்கரசிக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. என் நம்பரை நீ பிளாக் செய்து ஒன்பது நாளாகிறது. இதையாவது கிழிக்காமல் படி.

உன் விசாவுக்காக ஆபீஸில் கொடுத்த தாளைப் படித்துப் பார்க்காமலே உனக்கு அனுப்பினேன். அதில் என்னை ‘டைவர்ஸ்டு’ என்று போட்டிருந்தது என் தப்புதான். ஆனால் நீ நினைக்கிற தப்பு இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் அம்மா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். நம் ஊரில் யாராவது கேட்டால் “முடிஞ்சிருச்சுண்ணே” என்போமே, அதையே “மை மேரேஜ் ஈஸ் ஓவர்” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, காபி வாங்கிக் கொடுத்தார். இந்த ஊரில் இப்படித்தான் வாழ்த்துவார்கள்போல என்று நானும் குடித்தேன். இங்கே ‘ஓவர்’ என்றால் அத்துக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தமாம். மூன்று வருடமாக எல்லாரும் என்னைப் பாவம் பார்த்திருக்கிறார்கள், அரசி.

ஒரே வார்த்தை அங்கே தாலி கட்டுகிறது, இங்கே அறுத்துவிடுகிறது. நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

உன்
ஆனந்த்ராஜ்


ரெட்டியார்சத்திரம்
21.3.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரிப்பு வந்துவிட்டது, அதனாலேயே கோபம் கூடிவிட்டது. அந்தத் தாளைப் பார்த்த அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. “இம்புட்டு நாளு காத்திருந்தது இதுக்குத்தானா? செம்பட்டிக்குப் போயி அவுக வீட்டுல கேட்டுட்டு வாரேன்” என்று அம்மா கிளம்பியேவிட்டாள். கெஞ்சி நிறுத்தினேன்.

நீங்கள் எழுதியது நிஜமா என்று, நான் வேலை பார்க்கும் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் ரஃபியாவிடம் விசாரித்தேன். நிஜம்தானாம். அவர் இன்னொன்றும் சொன்னார். தாலி கட்டுகிற அந்த ஒரு நாள் ‘வெட்டிங்’காம். அதற்குப் பிறகு சேர்ந்து வாழ்கிறது முழுக்க ‘மேரேஜா’ம். நாம் இரண்டையும் கல்யாணம் என்றே சொல்லிவிடுகிறோம். எனக்குப் புல்லரித்துவிட்டது மாமா. மணி அடித்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

நாம் சேர்ந்து இருந்தது பத்தொன்பது நாள். அதில் பாதி, விருந்து வீடுகளில் போய்விட்டது. அப்படியென்றால் நமக்கு முடிந்தது வெட்டிங் மட்டும்தான். மேரேஜ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. விசா வரட்டும், பார்க்கலாம் என்று மறுபடியும் எழுதினீர்கள் என்றால், உங்கள் ஆபீஸ் எழுதியதே சரி என்று நானும் இருந்துவிடுவேன்.

அன்புக்கரசி


கார்க்
4.4.2024

அன்புள்ள அரசிக்கு,

மூன்று வருடமாக இங்கிலீஷ் பேசுகிறவர்களோடு வேலை பார்க்கிறேன், அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ரெட்டியார்சத்திரத்தில் இருந்துகொண்டு நீ கண்டுபிடித்துவிட்டாய். பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜர் அம்மா தாளைத் திருத்திக் கொடுத்தார். அதை வைத்து விசா வர இன்னும் ஒரு வருடம் ஆகும் என்கிறார்கள். அதுவரை காத்திரு என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இந்த மாதம் கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை.

27ஆம் தேதி மதுரையில் இறங்குகிறேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு நீ மட்டும் வா. மாலை, ஆரத்தி எதுவும் வேண்டாம், அதெல்லாம் அன்றைக்கே ஆகிவிட்டது. இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

உனக்கு என்ன காய் பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது, அரசி.

உன்
ஆனந்த்ராஜ்