பச்சைக் குறி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமா? எழுதிப் பழகிய கை எழுதிவிட்டது. நான் நலமாக இல்லை.

பள்ளியில் கொடுத்த தொடுதிரை டேப்பைத் தொடவே பயமாக இருக்கிறது என்று எழுதியபோது, மாப்பிள்ளை முகத்தையே நிமிர்ந்து பார்க்காதவள்தானே நீ என்று கேலி செய்தாய். பிறகு பழகிவிட்டது. இதயத்தின் படத்தைத் திரையில் துடிக்கவிட்டுக் காட்டினால் அறுபது பிள்ளைகளும் வாய் பிளந்து பார்ப்பார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது.

வருகைப் பதிவும் அதில்தான். பெயர் பெயராகக் கூப்பிட்டால் பத்து நிமிடம் போய்விடும். அதனால் 'அனைவரும் வருகை' என்பதைத் தொட்டு முதலில் எல்லோர் பெயருக்கும் பச்சைக் குறி போட்டுவிட்டு, வராதவர்களை மட்டும் பிறகு நீக்குவோம். ஆசிரியர்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். போன திங்கட்கிழமை நடுவில் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். போய்விட்டு வந்தவள் நீக்க மறந்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அன்று வரவில்லை. அவள் அம்மாவின் போனுக்கு, உங்கள் மகள் பள்ளிக்கு வந்துவிட்டாள் என்று செய்தி போய்விட்டது.

சாயங்காலம் பிள்ளை வீடு திரும்பவில்லை. போலீஸ்காரர்கள் பள்ளியைச் சுற்றியே தேடினார்கள். அவள் வரவேயில்லை என்று பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். பசங்களுக்கு என்ன தெரியும், பதிவில் பச்சைக் குறி இருக்கிறதே என்றார் தலைமையாசிரியை. அந்தக் குறியை நான் நீக்க மறந்தது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவரிடம் சொன்னேன். வெளியே மூச்சு விட்டால் உன் வேலை போய்விடும் என்றார். நான் மூச்சு விடவில்லை. இரண்டு நாள், அக்கா.

புதன்கிழமை அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியா அவளைப் பார்த்தது நீங்கதானே டீச்சர், முகம் வாடியிருந்தாளா என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டிலிருந்து பள்ளிக்குக் காலையில் மட்டும் அவள் வரும் குறுக்கு வழியில், சின்னப் பாலத்துக்குக் கீழே, சைக்கிளோடு கிடந்தாள். கால் முறிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

வேலை போய்விட்டது. அதற்காக நான் அழவில்லை. டேப்பின் மேல் பழியைப் போட்டு எனக்கு ஆறுதல் எழுதாதே. அதற்கு வாய் இல்லை, எனக்கு இருந்தது.

உன்னிடம் படிக்க விட்டிருக்கும் என் மகளுக்கு இது ஊரார் வாயால் தெரிய வேண்டாம். நீயே சொல்லிவிடு. என்னோடு பேசமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. காலையில் அவளோடு நீயே போய், வகுப்புக்குள் அவள் உட்காருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வா, அக்கா. அவள் நூறு வயது வாழட்டும்.

உன் தங்கை