எழுபதில் பேச்சியின் ஒன்பது

ஜூன் 16, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. வீட்டில் குடை ஒன்று, வெளியே போக வேண்டியவர்கள் இரண்டு பேர். இவர் நனைந்துகொண்டே ஹோட்டலுக்குப் போனார். நான் வயிற்றோடும் குடையோடும் இ.எஸ்.ஐ. ஆபீஸுக்கு.

கவுண்டரில் கண்ணாடி போட்ட மேடம். எரிச்சல்படாத ஜாதி. மலையாளமும் தமிழும் பிசைந்து சொன்னதில் எனக்குப் புரிந்தது:

– இருபத்தாறு வாரம் லீவு. கூலி உண்டு. கடை முதலாளி அண்ணாச்சி தர வேண்டாம், இங்கிருந்தே பாங்க் கணக்குக்கு வரும்.
– பேறுகாலத்துக்கு எட்டு வாரம் முன்னாலேயே எடுக்கலாம். அதாவது இன்றைக்கே.
– மார்ச் முடிய ஒரு வருஷத்தில் எழுபது நாளாவது கூலியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கணும்.
– படிவம், பாஸ்புக் நகல், தாய்சேய் அட்டை நகல்.

ஜனவரியில்தானே சேலைக்கடையில் சேர்ந்தேன், உயிர் கையில் இல்லை. மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "எழுபத்தஞ்சு உண்டு செல்வி. பேடிக்கண்டா" என்றாள். பயப்படாதே என்று.

படியில் நின்று கொஞ்சம் அழுதேன். மூத்தவள் கௌசியை நாற்பத்தைந்தாம் நாள் ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள் நான். பால் கட்டிக் காய்ச்சல். இரண்டு வயது வரை என்னைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் ஒளிவாள். இந்தப் பிள்ளையாவது என் முகம் பார்த்து வளரட்டும்.

வரும் வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். நன்றாக உடைந்தது.

ஜூன் 17, செவ்வாய்

தேங்காய் உடைந்து என்ன பிரயோஜனம்.

நகல் எடுக்கத் தாய்சேய் அட்டையை விரித்தேன். ஊர் ஆஸ்பத்திரி சீல். பிப்ரவரி கடைசியிலிருந்து ஒன்பது நாள் உள்நோயாளி. ரத்தப்போக்கு, படுக்கை ஓய்வு. அதே ஒன்பது நாளும் நான் கடையில் நின்று சேலை விற்றதாக ரிஜிஸ்டர். பிடித்தமும் கட்டியிருக்கிறது.

எங்கள் கடை வழக்கம் அது. தமிழ்ப் பெண் யாராவது ஊருக்குப் போனால், "ஆள வச்சிட்டுப் போ" என்பார் அண்ணாச்சி. இல்லாவிட்டால் இடம் போய்விடும். வருகிற ஆளுக்குத் தனிப் பேர் கிடையாது, போனவள் பேரிலேயே நிற்பாள். சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போனபோது நான் வைத்துவிட்டுப் போன ஆள் பேச்சி, இவர் தங்கை. பக்கத்து லைன் வீடுதான். ஊரில் ரத்தம் பட்டுப் படுத்ததைக் கடையில் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் வரை வெளியே மூச்சு விடாதே, கண்ணுபடும் என்று மாமியார் உத்தரவு. கோயில் கொடை நீண்டுவிட்டது என்று போனில் புளுகினேன்.

எழுபத்தைந்தில் ஒன்பது போனால் அறுபத்தாறு.

நாலு நாள் குறைவு. நாலே நாலு.

ஜூன் 18, புதன்

மீன்காரி வந்தாள், வாங்கவில்லை. அரிசியை இரண்டு தடவை களைந்தேன். உட்கார முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை.

இவர்: "யாரு உத்துப் பாக்கப் போறா? குடுத்துட்டு வா."

பேச்சி: "நான் நின்னா என்ன, நீங்க நின்னா என்ன மைனி? கடை ஒண்ணுதான."

அங்கன்வாடி டீச்சரிடம் போனேன். அங்கே தருகிற பேறுகால உதவி வேறு திட்டமாம். "அது கிட்டினா இது கிட்டில்ல." அது லீவும் இல்லை. லீவுதான் எனக்கு வேண்டும்.

படிவத்தின் அடியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு வரி. அதன் கீழே கோடு. கோட்டைப் பார்த்தாலே பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். பொய் சொல்லாதவள் ஒன்றுமில்லை நான். கொடை என்று சொன்னேனே. ஆனால் மாட்டினால் லீவு மட்டுமா போகும், வேலையும் போகும், பேச்சியும் மாட்டுவாள்.

ஜூன் 19, வியாழன்

மழை விட்டது. துணி காயப்போட்டேன்.

பழைய பக்கங்களைச் சும்மா புரட்டினேன். இந்த நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:

ஜனவரி, ஞாயிறு: ஸ்டாக் எடுப்பு. ராத்திரி வரை. பிரியாணிப் பொட்டலம்.
பிப்ரவரி, ஞாயிறு: மறுபடி ஸ்டாக். முட்டை மட்டும், கோழி இல்லை.
மார்ச், பொங்காலை அன்று: ரோடு முழுக்கப் பெண்கள் வைத்த பொங்கல் அடுப்பு, கண்ணைத் திறக்க முடியாத புகை. பெண்களுக்கு லீவு என்று ரிஜிஸ்டரில் போட்டுவிட்டு, என்னைச் சேலைப் பக்கம் நிறுத்திவிட்டார்.
மார்ச், ஞாயிறு: ஸ்டாக். இடுப்பு வலி.

நாலு நாள். ஒன்றும் ரிஜிஸ்டரில் ஏறவில்லை. பிரியாணிக்குப் பிடித்தம் உண்டா என்ன.

கோழி இல்லை என்று அன்றைக்கு நான் கோபப்பட்டது நல்லதாகப் போயிற்று. கோபம் வந்தால்தான் எழுதுவேன்.

ஜூன் 20, வெள்ளி

அண்ணாச்சியிடம் போனேன். கல்லாவில் விபூதியும் போனுமாக இருந்தார்.

"வா செல்வி. உன் எடம் காலியா கெடக்கு. பேச்சிய வரச் சொல்லு, உன் பேருலயே நிக்கட்டும்."

"என் பேருல ஆளு நின்னா நான் எப்படி அண்ணாச்சி லீவு எடுக்க? வேலை பாத்தா பணம் வராதுல்லா."

அட்டையை முன்னால் விரித்து வைத்தேன். ஒன்பது நாளைக் காட்டினேன். அப்புறம் நோட்டு. கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கோழி இல்லை என்ற இடத்தில் நின்று என்னைப் பார்த்தார்.

"இதெல்லாமா எழுதி வச்சிருக்க?"

"அட்டையும் ரிஜிஸ்டரும் பக்கத்துல பக்கத்துல வந்தா, மேடம் மொதல்ல கேக்கது உங்களத்தான் அண்ணாச்சி."

விசிறியை ஒரு எண் கூட்டினார். பிறகு கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதச் சொன்னார். ஒன்பது நாளை எடுத்துவிடணும். நாலு நாளுக்குக் கூலி போட்டுப் பிடித்தம் கட்டணும். பேச்சியை அவள் பேரிலேயே சேர்க்கணும். "இனிமே என் கடையில நோட்டெழுதுத பொம்பளைய எடுக்க மாட்டேன்" என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

ஜூன் 23, திங்கள்

அதே மேடம். கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"ஈ ஒம்பது திவசம் பின்னெ ஆரா ஜோலி செய்தது?" அந்த ஒன்பது நாளும் வேலை பார்த்தது யாராம்.

"என் நாத்தனார் மேடம்."

"பேரு எழுதிக்கோ. அவளுடெ கணக்கில் வரட்டெ."

எழுதினேன். ஊர், வயது, புருஷன் பேர். கடைக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார்களாம். கட்டியது சரியாக இருந்தால் எழுபது ஆகிவிடும் என்றாள். சரியாக எழுபது, ஒன்றுகூட மிச்சமில்லை. கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் பேச்சி வீட்டுக்குப் போனேன். நாளைக்கு அவள் வேலைக்குச் சேர வேண்டும், பாஸ்புக்கை எடுத்து வைக்கச் சொன்னேன். உன் ஒன்பது நாளையும் உன் பேருக்கே எழுதிவிட்டேன் என்றேன். அதற்காக அண்ணாச்சியோடு மல்லுக்கு நின்றதை அளந்துகொண்டிருந்தேன். அவள் பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப எனக்கு இன்னும் எத்தன நாளு வேணும் மைனி?"

அறுபத்தொன்று என்றேன். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஈரக் கை வயிற்றின் மேல் இருந்தது.