பதினாலாவது கேள்வி

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

நான் ஓய்வு பெற்ற அன்று, கூடப் பிறக்காத தங்கையான நீ ஆசிரியர் அறை வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாய்: “இனிமே காலையிலே எழுந்து யாரை அதட்டுவீங்க அக்கா?” ஆறு வருடமாகப் பதில் இல்லை. தலைமையாசிரியை ஆனதும் நீயே ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டாய். விடைத்தாள் திருத்தும் மென்பொருள்.

குறை சொல்லவில்லை. கூட்டலில் அது என்னைவிடச் சுத்தம். முந்நூற்றுப் பன்னிரண்டு அறிவியல் தாள்களையும் ஒரே மதியத்தில் திருத்தியிருக்கிறது. நான் ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்து ‘சரி’ பொத்தானை அழுத்தினால், ‘அனுபவமிக்க ஆசிரியர் சரிபார்த்தது’ என்று என் பெயரோடு முத்திரை விழுகிறது. தாளுக்கு ஒரு நிமிடம் போதும் என்கிறார்கள். ஒரு பிள்ளையின் கையெழுத்து பிடிபடவே எனக்கு ஒரு நிமிடம் வேண்டும்.

பதினாலாவது கேள்வியைப் பார். விளிம்புவரை தண்ணீர், அதில் மிதக்கும் பனிக்கட்டி. கட்டி கரைந்தால் என்ன ஆகும்? ‘தண்ணீர் வழியும்’ என்றவர்களுக்கு இரண்டு மதிப்பெண். ‘மட்டம் மாறாது’ என்று சரியாக எழுதிய இருபத்து மூன்று பேருக்குப் பூஜ்யம். 207-ஆம் தாளில் ஒரு பிள்ளை டம்ளரே வரைந்து, ‘வீட்டில் செய்து பார்த்தேன், ஒரு சொட்டுகூட வழியவில்லை’ என்று எழுதியிருக்கிறது. அதற்கும் பூஜ்யம்தான். அந்தத் தாளின் மொத்தம் ஐம்பத்தொன்பது. அறிவியல் பிரிவில் சேர அறுபது வேண்டும்.

விசாரித்துச் சொல்.

உன் அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள்.

நிறுவனத்தாரை விசாரித்தேன். நம் பள்ளியின் பழைய விடைக்குறிப்புகளை வைத்துத்தான் அந்த மென்பொருளைப் பழக்கினார்களாம். அலமாரியைக் காலி செய்தபோது நாம் ஸ்கேன் செய்து வைத்த நோட்டுகள். பதினாலாவது கேள்விக்கான பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அது உங்கள் கையெழுத்து. ‘வழியும்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முடிவு வெளியிட வேண்டும். அன்றைக்கே பத்துப் பள்ளிகளிலிருந்து இந்த முறையைப் பார்க்க வருகிறார்கள். நிர்வாகக் கூட்டத்தில் இதற்காக மல்லுக்கு நின்றவள் நான். இப்போது ஒரு கேள்வி தப்பு என்றால் எல்லாமே தப்பு என்பார்கள். உங்கள் பெயரும் கெடும். முப்பத்தைந்து வருடப் பெயர்.

எல்லாவற்றுக்கும் ‘சரி’ அழுத்திவிடுங்கள். அடுத்த வருடம் நானே சத்தமில்லாமல் திருத்திவிடுகிறேன்.

தங்கள் தங்கை


மார்ச் 8

அன்புத் தங்கைக்கு,

வழியும் என்று எழுதியவள் நான்தான். முதல் வருடம் அறியாமல் எழுதினேன். ஒரு மாணவி வகுப்பிலேயே செய்து காட்டி என்னை மடக்கினாள். அதற்குப் பிறகு வேண்டுமென்றே அந்த வரியை அடிக்காமல் விட்டேன். ஒவ்வொரு வருடமும் அதை அப்படியே சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். “டீச்சர், இது தப்பு” என்று எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அந்த மணிநேரம் முழுவதும் என் நாற்காலி. நான் பெஞ்சில். பக்கத்து வகுப்பிலிருந்து நீ எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறாய்.

அந்த நாற்காலி விவகாரம் நோட்டில் இல்லையே. மென்பொருள் நோட்டைப் படித்தது, வகுப்பில் உட்காரவில்லை. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஏட்டுச் சுரைக்காயைக் கறி என்று பரிமாற என் பெயரைக் கேட்காதே.

இரண்டு மதிப்பெண்ணால் ஒன்பது பிள்ளைகள் அறிவியல் பிரிவை இழக்கிறார்கள். அடுத்த வருடம் நீ திருத்தும்போது அவர்கள் வேறு வகுப்பில் இருப்பார்கள்.

இருபத்து மூன்று தாள்களிலும் ‘தவறு’ பொத்தானை அழுத்திவிட்டேன். குறிப்புக் கட்டத்தில் ஒவ்வொன்றிலும் இப்படி எழுதினேன்: ‘விடை சரி. விடைக்குறிப்பு தவறு. அதை எழுதியவளே சொல்கிறேன்.’ இருபத்து மூன்றாவது முடிந்ததும் திரை என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது.

நீ திறந்துவிடு.

உன் அக்கா


மார்ச் 11

மதிப்பிற்குரிய ஓய்வுபெற்ற ஆசிரியை அவர்களுக்கு,

விடைத்தாள் சரிபார்ப்புப் பணியிலிருந்து தாங்கள் இன்றுமுதல் விடுவிக்கப்படுகிறீர்கள். தங்கள் குறிப்புகள் கணக்கில் கொள்ளப்படவில்லை. மதிப்பெண்கள் முன்பு இருந்தபடியே வெளியிடப்படும். அடையாள அட்டையை அலுவலகத்தில் ஒப்படைக்கவும்.

தலைமையாசிரியை

அக்கா, அட்டையை வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். என் அறைக்கு வர வேண்டாம்.


மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

நீ எப்படி அழைத்தாலும் எனக்கு நீ தங்கைதான். அட்டையை இதோடு வைத்திருக்கிறேன்.

தாளில் எண்தான் இருக்கிறது, பெயர் இல்லை. யார் அந்த ஒன்பது பேர் என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் சொல்லிவிட முடிவு செய்து ஒரு துண்டறிக்கை எழுதினேன். ‘பதினாலாவது கேள்விக்கு மட்டம் மாறாது என்று எழுதியவர்கள் மறுதிருத்தம் கேளுங்கள். விடைக்குறிப்பில் தவறாக எழுதியவள் நான்.’ கீழே என் பெயர், முகவரி, தொலைபேசி எண்.

பள்ளிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் அதை இரண்டு தடவை படித்தார்.

“என்ன டீச்சர், உங்க தப்பை நீங்களே ஊருக்குச் சொல்றீங்க?”

“வேற யாரு சொல்வா?”

“பிரச்சினை வராதா?”

“வரட்டும். எனக்கு இனிமே யாரு டிரான்ஸ்பர் போடப் போறா?”

“சரி, எத்தனை காப்பி?”

“முந்நூத்திப் பன்னிரண்டு.”

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாயிலில் நிற்பேன். உள்ளே வரமாட்டேன், தெரு பொதுவானது. வருகிற பெற்றோர் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுப்பேன். பார்க்க வரும் பத்துப் பள்ளிக்காரர்கள் கேட்டால் அவர்களுக்கும் உண்டு. காவலாளியை அனுப்பி என்னை நகர்த்தப் பார்க்காதே. அவர் என்னிடம் படித்தவர், சங்கடப்படுவார்.

உன்னைத் தோற்கடிக்க இதைச் செய்யவில்லை. நான் வந்து நிற்பதற்கு முன்பே பட்டியலை நீ திருத்திவிட்டால், முந்நூற்றுப் பன்னிரண்டையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். இல்லாவிட்டால் நம் இருபது வருடப் பழக்கம் அன்றோடு முடிந்தாலும் முடியட்டும். நிற்கத்தான் போகிறேன்.

பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று செய். திரையை அணைத்துவிட்டு, 207-ஆம் தாளைக் கட்டுக்குள்ளிருந்து உருவி, முதல் வரியிலிருந்து கடைசி வரை நீயே படித்து, உன் பேனாவால் மதிப்பெண் போடு.

உன் அக்கா